ஏமாற்றமும் கைவிடலும்: ஓர் ஆங்கிலத் தொடரை முன்வைத்து

மொழிபெயர்ப்புத் தாள்களைத் திருத்தும்போது நமக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். சிறிய செய்திதான். ஆனால் அது ஒரு சொல்லில் தொடங்கி, நாம் அன்றாடம் பேசும் நியாய அநியாயம் வரைக்கும் நம்மை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். அந்த ஊரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் வரும் பிள்ளைகளே நம் வகுப்பில் மிகுதி. பெரும்பாலும் மல்லாட்டையும் நெல்லும் கரும்பும் விளைவிக்கும் குடும்பங்கள். வீட்டில் ஒருவராவது சென்னையிலோ பெங்களூரிலோ கட்டட வேலையில் இருப்பார். இளங்கலைத் தமிழ் படிக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பு ஒரு பாடம். பயிற்சிக்காக ஐந்து ஆங்கிலத் தொடர்களைக் கொடுத்துத் தமிழாக்கி வரச் சொன்னோம். அவற்றுள் ஒன்று, 'மை பிரதர் லெட் மீ டவுன்' என்பது.

பெரும்பாலோர், 'என் அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டான்' என்று எழுதியிருந்தனர். ஒரு மாணவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'என் அண்ணன் என்னைக் கீழே விட்டுவிட்டான்' என்று எழுதி வகுப்பையே சிரிக்க வைத்தார். இன்னொருவர், 'அண்ணன் பல்பு கொடுத்துவிட்டான்' என்று எழுதியிருந்தார். அதைச் சிவப்பு மையால் அடித்தோம். ஒரு மாணவி மட்டும் மற்ற நான்கு தொடர்களையும் செம்மையாகப் பெயர்த்துவிட்டு, இந்த ஒன்றுக்குமட்டும் இடம் விட்டிருந்தார்.

"இது தெரியலையாம்மா?" என்று கேட்டோம்.

"அர்த்தம் தெரியும் ஐயா. ஏமாத்திட்டான்னு எழுத மனசு வரல."

வகுப்பு முடிந்தபின் அவரே வந்து சொன்னார். அண்ணன் பெங்களூரில் கம்பி கட்டும் வேலையில் இருக்கிறார். பட்டம் முடித்ததும் தங்கையை பி.எட். சேர்ப்பது தன் பொறுப்பு என்றும், பொங்கலுக்கு வரும்போது பணத்தோடு வருவதாகவும் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி கூலியைக் கொடுக்காமல் இழுத்தடித்ததில் பணம் சேரவில்லை. "பொங்கலுக்கு வந்துச்சு ஐயா. நாலு நாள் என் முகத்தையே பார்க்காம இருந்துட்டுப் போயிடுச்சு. அது என்னை ஏமாத்தல. ஏமாத்துற ஆளு இல்ல அது. ஆனா இங்கிலீஷ்ல கேட்டா, ஆமா, லெட் டவுன்தான்."

மதிப்பெண் குறைத்ததற்கு நாம் வெட்கப்பட்டோம். தமிழில் முதுகலை படித்து, பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் நமக்கு அந்த இடத்தில் எழுத ஒரு சொல் உடனே வாய்க்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைத் தேடியதன் விளைவு.

ஆங்கிலத்தில் 'லெட் டவுன்' என்பது பேச்சுநடைத் தொடர். நேர்ப்பொருள், இறக்கிவிடுதல். கயிற்றில் கட்டிய வாளியைக் கிணற்றுக்குள் இறக்குவதும் அதுவே. நம்பியிருந்தவரை நட்டாற்றில் விடுவதும் அதுவே. அதன் பொருளில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, உங்கள் எதிர்பார்ப்பைத் தாங்கிக்கொண்டிருந்தவர் ஒருவர் இருக்கிறார். மற்றொன்று, அவர் தாங்காமல் விட்டுவிட்டார். ஏன் விட்டார், வேண்டுமென்றா, முடியாமலா என்பதை அத்தொடர் சொல்வதில்லை. வஞ்சகம் அதில் கட்டாயம் இல்லை. 'டிஸ்அப்பாயிண்ட்' என்ற ஏட்டுச் சொல்லோ தொடக்கத்தில் ஒருவரை அமர்த்திய பதவியிலிருந்து நீக்குவதைக் குறித்தது. பிறகே மனவருத்தத்திற்கு வந்தது. இன்றைக்கு அச்சொல்லைச் சொல்வதற்கு எதிரே ஓர் ஆள்கூட வேண்டியதில்லை. மழை வந்து ஆட்டம் நின்றாலும் அவர்கள் 'டிஸ்அப்பாயிண்டட்' ஆகிவிடுவார்கள். 'சீட்' என்றால் மட்டுமே வஞ்சகம். ஆக, ஆளில்லாத வருத்தம், ஆளுண்டு வஞ்சமில்லாத வருத்தம், வஞ்சகத்தால் வந்த வருத்தம் என்று மூன்று படிகள் அங்கே தனித்தனியே நிற்கின்றன.

நம் வழக்கில் இந்த மூன்றுக்கும் 'ஏமாற்றம்' என்ற ஒன்றையே நீட்டுகிறோம். தேர்வு முடிவு ஏமாற்றம். அண்ணன் பணம் கொண்டுவராதது ஏமாற்றம். சீட்டுக் கம்பெனிக்காரன் இரவோடு இரவாக ஓடிப்போனதும் ஏமாற்றம். வினையாக்கும்போதுதான் வம்பு. 'எனக்கு ஏமாற்றமாக இருந்தது' என்று சொல்லும்வரை குற்றவாளி இல்லை. 'அண்ணன் ஏமாற்றினான்' என்றவுடன் அண்ணன் திருடனாகிவிடுகிறான். அந்த மாணவி விட்டிருந்த வெற்றிடம் இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது.

வஞ்சகத்தைச் சொல்லத் தமிழுக்குச் சொல் பஞ்சம் இல்லை. காது குத்துகிறான், பூச்சுற்றுகிறான், மொட்டையடிக்கிறான், நாமம் போடுகிறான் என்கிறோம். எல்லாமே நல்ல நாள் பார்த்து உறவைக் கூட்டிச் செய்யும் சடங்குகள், அல்லது நெற்றியிலும் கூந்தலிலும் அணியும் மங்கலங்கள். நல்லது செய்வதுபோல வந்து கெடுப்பவனைச் சுட்ட மங்கலத்திலிருந்தே சொல்லெடுத்திருக்கிறார்கள் நம் மக்கள். அல்வா கொடுப்பதும் இந்த வகைதான். 1994இல் வெளியான 'அமைதிப்படை' படத்தைப் பார்த்த தலைமுறைக்கு அந்தப் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இவற்றில் எதையும் அந்த அண்ணன்மேல் ஏற்ற முடியாது. ஏமாற்றுபவனுக்கு இத்தனை சொற்களைச் செய்துவைத்த நாம், சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமல் தலைகுனிந்து நிற்பவனுக்கு என்ன சொல் வைத்திருக்கிறோம்?

வானத்தையே நாம் இப்படித்தான் நடத்தியிருக்கிறோம். மழை பெய்யாவிட்டால் 'மழை பொய்த்தது' என்கிறோம். சங்கப் பாடல்களிலேயே இவ்வழக்கு உண்டு. வள்ளுவரும் வான்சிறப்பு அதிகாரத்தில் விண் பொய்ப்பதைப் பற்றியே பேசுகிறார். மேகம் நமக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஆனாலும் அது வராதபோது பொய் சொல்லிவிட்டது என்கிறோம். நம்பி விதைத்தவனின் நெஞ்சிலிருந்து பார்த்தால் அச்சொல்லில் பிழையில்லை. எனினும் எதிர்பார்த்தது நடக்காவிட்டால் எதிரே ஒரு பொய்யரைத் தேடுவது நம் மொழிப்பழக்கத்தில் ஊறியிருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

இதற்கு நேரெதிரான நெஞ்சம் ஒன்றும் அதே சங்க இலக்கியத்தில் இருக்கிறது. குறுந்தொகையில் ஒரு முல்லைப் பாட்டு. கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை. கொன்றையோ பூத்துக் குலுங்குகிறது. தலைவி கலங்குகிறாள். தோழி என்ன சொல்கிறாள்? கொன்றை மரம் அறிவில்லாதது, பருவமல்லாத மழையைக் கார்காலம் என்று மயங்கிப் பூத்துவிட்டது என்கிறாள். குற்றம் மரத்தின்மேல் போகிறது. தலைவன் பொய்யன் ஆகவில்லை. இப்பாட்டை எத்தனையோ முறை பாடம் நடத்தி, தோழியின் சொல்திறம் என்று மட்டும் சொல்லிக் கடந்திருக்கிறோம். நம் மாணவி விட்ட வெற்றிடத்தைப் பார்த்த பிறகுதான், அது திறம் மட்டுமல்ல, அன்புடையவரைப் பொய்யர் என்று சொல்ல நாக்கு மறுக்கும் நிலை என்பது நமக்கு உறைத்தது.

புறநானூற்றின் 196ஆம் பாட்டு இன்னும் நேராக நம் சிக்கலுக்கு வருகிறது. ஆவூர் மூலங்கிழார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடியது. பரிசில் தராமல் மன்னன் காலம் நீட்டித்திருக்கிறான். புலவர் அவனிடம் கூறுவதன் சாரம் இது: கொடுக்க முடிந்ததை முடியும் என்பதும், முடியாததை முடியாது என்பதும் இரண்டுமே நல்லோர் செயல். முடியாததை முடியும் என்பதும், முடிந்ததை இல்லை என்பதும்தான் கேட்டவரை வருத்தும், கொடுப்பவர் புகழையும் குறைக்கும். இப்படிச் சொல்லிவிட்டு, உன் பிள்ளைகள் நோயின்றி இருக்கட்டும் என்று வாழ்த்தித் தன் வறுமையை நோக்கித் திரும்பி நடக்கிறார்.

எவ்வளவு துல்லியமான பாகுபாடு! இல்லை என்று நேர்மையாக மறுத்தவன்மேல் புலவருக்குக் கோபமே இல்லை. கையில் வைத்துக்கொண்டு இல்லை என்றவன்மேலும், இல்லாததைத் தருவதாகச் சொல்லி இழுத்தடித்தவன்மேலும்தான் கோபம். பரிசில் கிடைக்காத வருத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் எதிரே நிற்பவரின் குற்றம் ஒன்றல்ல. இதைப் பிரித்தறியும் இலக்கியத்தை வைத்துக்கொண்டு நாம் 'ஏமாற்றம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டோம்.

சிவப்பு மையால் அடித்த 'பல்பு'க்கு இப்போது வருவோம். அடித்தது அவசரம் என்றே தோன்றுகிறது. 'பல்பு வாங்கிட்டேன்' என்று பிள்ளைகள் சொல்வதில் ஒரு தற்காப்பு இருக்கிறது. ஏமாந்தேன் என்றால் 'ஏமாளி' என்ற பட்டம் வந்து ஒட்டும். பல்பு வாங்கினேன் என்றால் தன்னைத் தானே கேலி செய்துகொண்டு எழுந்துவிடலாம். தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் ஓரிரு மதிப்பெண்ணில் தவறவிட்டவர் அப்படிச் சொல்லிச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறோம். அந்தச் சிரிப்பு அவருக்குத் தேவைப்படுகிறது. ஆங்கிலேயருக்கு விளங்காத ஆங்கிலச் சொல் என்பதற்காகவே அதைத் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்கப் பேச்சில் ஏமாற்றத்துக்கு 'பம்மர்' என்றொரு சொல் வழங்குகிறது. சோம்பித் திரிபவனைக் குறித்த ஜெர்மன் சொல்லின் வழிவந்தது என்பர். 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஷெர்மனின் படையோடு ஜார்ஜியா வழியே சென்று, பண்ணை வீடுகளில் உணவும் பொருளும் எடுத்துச் சென்றவர்களைப் 'பம்மர்கள்' என்றார்கள். 1960களில் அச்சொல் போதைப்பொருள் தந்த கெட்ட அனுபவத்தைக் குறிக்கத் தொடங்கி, பின்னர் எந்தச் சிறு வருத்தத்துக்கும் பொதுவாகிவிட்டது. ஓர் ஆளைக் குறித்த சொல்லிலிருந்து ஆள் காணாமற்போய், வெறும் கெட்ட வானிலைபோல ஆகிவிட்டது. பல்புக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. 'வாங்கினேன்' என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தவனை மறந்துவிடுகிறோம்.

மறக்கக் கூடாத இடங்கள் உள்ளன. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் ஒரு புதிய ரயில்பாதை. 2006-07ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற திட்டம். அந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் இன்று வாக்காளர்களாகிவிட்டார்கள். அப்பாதையில் இன்னும் ரயில் ஓடவில்லை. நம் பகுதி மக்கள் இன்றும் அதே சாலையில் பேருந்துக்குத்தான் நிற்கிறார்கள். ஒவ்வொரு நிதிநிலை அறிக்கைக்கு மறுநாளும் எந்தெந்த ஊருக்கோ ஏதேதோ கிடைக்காமற்போனதற்கு, 'பொதுமக்கள் ஏமாற்றம்' என்று இரண்டு சொல்லில் தலைப்புப் போடுவது செய்தித்தாள் வழக்கமாகிவிட்டது. அத்தலைப்பைச் சற்று நின்று பாருங்கள். அதில் வினைமுற்றே இல்லை. வினை இல்லாததால் வினை செய்தவரும் இல்லை. யார் சொன்னார், எப்போது சொன்னார், ஏன் நடக்கவில்லை, பணம் இல்லையா, நிலம் கிடைக்கவில்லையா, மனம் இல்லையா என்ற கேள்விகளெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்துவிடுகின்றன. மூலங்கிழார் கேட்ட கேள்வியை நாம் கேட்பதே இல்லை: முடியாததை முடியும் என்றார்களா, முடிந்ததை இல்லை என்கிறார்களா?

ஆகவே நம் பேச்சில் ஒரு தலைகீழ் நியாயம் நடக்கிறது. பணம் கொண்டுவர முடியாத அண்ணன்மேல் 'ஏமாற்றினான்' என்ற வினை ஏறுகிறது. காலக்கெடு இல்லாமல் வாக்களிப்பவர்களுக்கோ வினையே இல்லாத 'ஏமாற்றம்' கிடைக்கிறது. எளியவனுக்குக் குற்றச்சாட்டு, வலியவனுக்கு வானிலை அறிக்கை. இதை மொழியின் குறை என்று நாம் கருதவில்லை. மொழியை நாம் சோம்பலாகக் கையாள்வதன் குறை.

இந்தத் தொடரைப் பற்றி நம் ஊர் மாட்டுக்கொட்டகையிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். கால்நடை அறிவியலில் 'லெட் டவுன்' என்றால் பால் இறங்குதல். கன்று வந்து மடியை முட்டியதும் தாய்ப்பசுவின் மூளையடியில் உள்ள சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் வெளிப்பட்டு, மடியில் இருக்கும் பால் காம்புக்கு இறங்குகிறது. மிரண்ட மாடு பால் விடாது. பழகாத கை பட்டாலும் அடக்கிக்கொள்ளும். மனிதரிடத்தில் நம்பிக்கை கெடுவதைச் சொல்லும் தொடர், மாட்டினிடத்தில் நம்பிக்கை கொள்வதைச் சொல்வது வியப்புத்தான். கன்று இறந்துபோனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன் நிறுத்திப் பால் கறக்கும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. பசு அந்தத் தோலை நக்கிக்கொண்டே பால் விடும். ஏமாற்றுதல் என்றால் அதுதான். கண் முன்னே ஒரு பொய்யை நிறுத்தி, அன்பைக் கறந்துகொள்வது. அந்த அண்ணன் அப்படி எதையும் நிறுத்தவில்லை. வெறுங்கையோடு வந்து முகத்தைக் குனிந்துகொண்டார்.

வெறுங்கை என்ற சொல்லில்தான் நமக்கு வழி தெரிந்தது. ஆங்கிலம் நம்பிக்கையை உயரமாகக் காண்கிறது. அதனால் கெடும்போது கீழே விடுகிறது. தமிழ் அதைக் கையாகக் காண்கிறது. கைகொடுத்தல், கைகூடுதல், கைவிரித்தல், கைநழுவுதல், கைவிடுதல் என்று உதவியும் முயற்சியும் தோல்வியும் நமக்குக் கைகளின் செய்திகளே. மனமறிந்து விலகிப்போனவர் 'கைவிட்டார்'. இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர் 'கைவிரித்தார்'. நம் உழவர்கள் மழை பொய்த்தது என்பதோடு, 'இந்த வருசம் மழை கைகொடுக்கல' என்றும் சொல்வார்கள். முன்னதில் பழி உண்டு. பின்னதில் வருத்தம் மட்டும். பொய்யர் என்று பெயர் வைக்காமலேயே இழப்பைச் சொல்லிவிட முடிகிறது.

அடுத்த வாரம் அந்த மாணவியை அழைத்துக் கேட்டோம். "கைவிட்டுட்டாருன்னு எழுதலாமாம்மா?"

உடனே தலையாட்டி மறுத்தார். "கைவிடல ஐயா."

"கைகொடுக்க முடியாமப் போச்சு?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு தாளை வாங்கி, விட்டிருந்த இடத்தில், 'என் அண்ணனால் எனக்குக் கைகொடுக்க முடியாமல் போயிற்று' என்று எழுதித் தந்தார். ஆங்கிலத் தொடரில் இல்லாத ஒன்று அதில் சேர்ந்துவிட்டது என்று மொழிபெயர்ப்பு விதிகளைக் கொண்டு வாதிடலாம். 'முடியாமல்' என்பது மூலத்தில் இல்லைதான். ஆனால் மூலத்தில் அந்த அண்ணனும் இல்லை. அவர் யார், ஏன் வரவில்லை என்று தெரியாமல் இத்தொடரைத் தமிழில் பெயர்க்கவே முடியாது என்பதுதான் நாம் கற்றுக்கொண்டது. முழு மதிப்பெண் போட்டோம். பல்புக்கு அடித்திருந்த கோட்டையும் அழித்து, பேச்சுவழக்கு என்று ஓரத்தில் குறித்துப் பாதி மதிப்பெண் கொடுத்தோம்.

நம் துணிபு இதுதான். விதியால் வந்ததற்கு வருத்தம் என்போம். முடியாமல் நின்றவரைக் கைகொடுக்க இயலாதவர் என்போம். விலகிப்போனவரைக் கைவிட்டவர் என்போம். 'ஏமாற்றினார்' என்ற வினையை உண்மையில் ஏமாற்றியவருக்கென்று பத்திரமாக வைத்திருப்போம். அங்கே பயன்படுத்தும்போது எழுவாயையும் சேர்த்தே எழுதுவோம்.

வட ஆற்காட்டுப் பக்கத்துப் பேச்சை மட்டுமே வைத்து இதைச் சொல்லியிருக்கிறோம். சொல்லைக் காக்க முடியாமல் நிற்பவரைப் பழிக்காமல் குறிக்கும் சொல் நெல்லையிலோ கொங்கிலோ யாழ்ப்பாணத்திலோ நிச்சயம் வேறு இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவரை என்னவென்று சொல்வார்கள்? அறியத் தந்தால், அடுத்த ஆண்டு அதே பாடம் எடுக்கும்போது அந்தச் சொற்களையும் கரும்பலகையில் எழுதி வைப்போம்.